கட்டைவிரலுக்கு ஆறுதல்

நகச்சுற்று என்றால் பலருக்குச் சிரிப்பாக இருக்கிறது. "அது ஒரு நோயாம், அதுக்கு ஒரு ஆஸ்பத்திரியாம்" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். எனக்கு வந்தது வலது கையில், அதுவும் கட்டைவிரலில். மீன் அலசும்போது முள் குத்தியதுதான் ஆரம்பம். நகத்தின் ஓரம் சிவந்தது, பிறகு வீங்கியது, பிறகு விரலுக்குள் யாரோ உட்கார்ந்து உரலில் இடிப்பதுபோல விண்விண்ணென்று தெறித்தது. நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலில் சொருகிக்கொள்வது நம்மவர் வழக்கம். நானும் சொருகிக்கொண்டேன். பழம் காய்ந்தது, விரல் பழுத்தது.

அப்போது நாங்கள் கப்பலேறி வந்த இந்த ஊரில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருந்தோம். கடைவீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு அறை, பின்னால் ஒரு அடுப்படி, முன்னால் எல்லாரும் நடந்து போகிற அஞ்சடி நடைபாதை. சந்தின் கோடியில் எருமைக் கொட்டில். என் வீட்டுக்காரர் மாட்டுத்தீவனக் கடையில் புண்ணாக்கு நிறுக்கிற வேலையில் இருந்தார். நல்ல மனுஷர். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனிமேல் அவரைப் பற்றி நல்லதாக அதிகம் வராது.

வலி தாங்காமல் ஒரு காலை நான் அழுததைப் பார்த்து அவரே ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வெள்ளைக்கார டாக்டர் விரலைத் திருப்பிப் பார்த்தார், கத்தியை எடுத்தார், கீறினார். மயக்க மருந்தா, மண்ணாங்கட்டியா! நான் போட்ட சத்தத்துக்கு வெளியே வரிசையில் நின்ற பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். சீழை எடுத்து, மருந்துத் துணி வைத்துக் கட்டி, கையை நெஞ்சோடு சேர்த்துக் கழுத்தில் ஒரு தூளி கட்டிவிட்டார்கள். என்னைப் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். கண்ணைத் திறந்தால் கூரை சுற்றியது, அதனால் பாதி மூடியே வைத்திருந்தேன்.

டாக்டர் சொன்னதையெல்லாம் தமிழில் சொன்னவர் அங்கே மருந்து கட்டுகிற டிரெசர். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொல்வதும், இவர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவதும் காதிலும் கண் ஓரத்திலும் பட்டது. ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. சீழ் எலும்பு வரைக்கும் போயிருக்கிறது. கட்டு நனையக் கூடாது, விரல் அசையக் கூடாது. மறுபடி பழுத்தால் கணுவோடு எடுத்துவிட வேண்டியதுதான்.

கட்டைவிரல் இல்லாத கையை நினைத்துப் பாருங்கள். சோற்றைப் பிசையலாம், உருட்டலாம், வாய்வரை கொண்டும் போகலாம். உள்ளே தள்ளுவது யார்? கட்டைவிரல்தான். ஆயுசு முழுவதும் எவளாவது ஒருத்தி எனக்கு ஊட்டிவிட வேண்டும் என்கிற பயம் அந்தப் பெஞ்சிலேயே எனக்குப் பிடித்துக்கொண்டது. வயது அப்போது இருபதைத் தாண்டியிருந்தால் அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் பாயை விரித்தார். "நீ படு புள்ள. ஒரு வேலை தொடக் கூடாது. நான் பாத்துக்கறேன்."

படுத்தேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "உப்பு எங்க இருக்கு?"

"மாடத்துல."

"எந்த மாடம்?"

"நம்ம வீட்ல எத்தனை மாடம் இருக்கு? ஒண்ணுதானே?"

"புளி எவ்வளவு போடணும்?"

"எலுமிச்சங்காய் அளவு."

"சின்ன எலுமிச்சங்காயா, பெரிசா?"

எழுந்து போய் நானே போட்டால் தேவலை என்று தோன்றும். எழுந்தால், "ஐயையோ, எழுந்திரிக்காத!" என்று ஓடி வருவார். அதற்குள் அங்கே சோறு பொங்கி அடுப்பை அணைத்துவிடும். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த அடுப்படியில் நான் தனியாகச் செய்த வேலையை, இப்போது படுத்துக்கொண்டே வாயால் செய்தேன். இரண்டில் எது அதிகக் களைப்பு என்று கேட்டால், வாயால் செய்வதுதான்.

இதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். மறுநாள் காலையிலிருந்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள்.

நோய் விசாரிக்க வருவது நம்மவர்க்குள் உள்ளதுதான். பக்கத்து வீடு வரும், எதிர் வீடு வரும், அவ்வளவுதான். ஆனால் அன்று வந்தவர்களில் பாதிப் பேரை எனக்கு யாரென்றே தெரியாது. எங்கள் பேட்டையான தேக்காவின் பசாரில் காய்கறி விற்கிறவள் வந்தாள். எருமைக் கொட்டில்காரர் பெண்சாதியும் மருமகளும் வந்தார்கள். தீவனக் கடையில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலை முடிந்து வேர்வையோடு வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். வந்த எல்லாரும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார்கள். நகச்சுற்று என்று கேள்விப்பட்டால் வேறு என்ன கொண்டுவருவார்கள்? மூலையில் எலுமிச்சம்பழம் கூடை கூடையாகக் குவிந்தது. ஊறுகாய் போடலாமென்றால் போடுகிற கை தூளியில் கிடந்தது.

அவர்கள் சொன்ன ஆறுதலை நான் என்னவென்று சொல்ல! "எங்க ஊர்ல ஒருத்திக்கு இப்படித்தான் சின்னதா ஆரம்பிச்சுது. மூணாம் நாளே கை தோள் வரைக்கும் வீங்கிப் போச்சு. நல்ல பொம்பளை, பாவம்." அப்படி ஆரம்பித்த கதை ஒன்றிலாவது யாராவது பிழைத்திருக்க வேண்டுமே? ஒருத்தர் பாக்கியில்லை. "போனா விரல்தானே போகும், உயிரா போயிடப் போவுது?" என்றார் ஒரு பெரியவர், வெற்றிலையை மென்றபடி. அவருக்கு ஐந்து விரலும் இருந்தன.

பத்தியம் வேறு. கத்திரிக்காய் கரப்பான், கருவாடு ஆகாது, முட்டை சீழ் வைக்கும், மோர் குளிர்ச்சி, மிளகு சூடு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வாசலில் நின்று, அவர்கள் வழக்கப்படி இறாலும் பந்தாங் என்று சொல்லிவிட்டுப் போனாள். பந்தாங் என்றால் அவர்கள் பாஷையில் ஆகாது என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் நன்றாகச் சாப்பிடச் சொன்னார்கள். எல்லாரும் சொன்னதைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் இருந்தது வெறும் கஞ்சியும் சுட்ட அப்பளமும்தான்.

வந்தவர்களுக்குக் கோப்பி கொடுக்க வேண்டாமா? வாயைத் திறந்து யாரும் கேட்க மாட்டார்கள். கொடுக்காவிட்டால் சந்து முழுக்கப் பேசுவார்கள். என் வீட்டுக்காரர் கலக்கிய கோப்பியைக் குடித்த ஒருவர் பாதியில் வைத்துவிட்டு, "அவசரமா ஒரு வேலை இருக்கு" என்று போனார். மானம் போனதே என்று நான் எழுந்து, இடது கையால் பால் டின்னைத் திறந்து, ஒரு கையாலேயே கலக்கினேன். என் வலியை விசாரிக்க வந்தவர்கள் நான் கலக்கிய கோப்பியைக் குடித்துவிட்டு, "நல்லா ரெஸ்ட்டு எடு தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த எரிச்சலில் கோப்பியைத் தலையில் ஊற்றாமல் விட்டதே பெரிய காரியம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்தாற்போல என் நாத்தனார் வந்தாள். என் வீட்டுக்காரரின் அக்காள். தஞ்சோங் பகாரில் துறைமுகக் கூலிகளின் லயன் வீடு ஒன்றில் குடியிருந்தாள். டிராம் ஏறி, புருஷன், பிள்ளைகள் எல்லாரோடும் வந்து இறங்கினாள். அவ்வளவு தூரம் வந்தவர்களைக் கோப்பியோடு அனுப்ப முடியுமா? சோறாக்கினேன். நான்தான் ஆக்கினேன். என் வீட்டுக்காரர் அக்காள் புருஷனோடு உட்கார்ந்து கப்பல் கதை கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் பந்தியில் உட்கார்ந்தபடியே அடுப்படியைப் பார்த்தாள். "ஏண்டி, ரசத்துல பூண்டு தட்டிப் போடலையா?" என்றாள். பிறகு கோப்பியைக் குடித்துவிட்டு, "சீனி பத்தல" என்றாள். பிள்ளைகளில் ஒன்று என் தூளியைப் பிடித்துத் தொங்கியது. எல்லாரும் போன பிறகு குண்டானைக் கழுவ நான் குழாயடிக்குப் போனேன். கை வழுக்கியது. குண்டான் விழப் போனதும், புத்தி யோசிக்கும் முன்னே வலது கை தானாகப் போய்ப் பிடித்துவிட்டது. கட்டு முழுவதும் எச்சில் தண்ணீர்.

மறுநாள் விரல் மறுபடி தெறித்தது. மணிக்கட்டு வரைக்கும் சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் டிரெசர் கட்டைப் பிரித்தார், முகர்ந்தார், கோபத்தோடு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"நான் என்ன சொன்னனான்? இவவுக்கு ஆறுதல் வேணும், நல்ல ஆறுதல் வேணும், அதுதான் மருந்து எண்டு சொன்னனான் எல்லோ?"

"கொடுத்தோமே சார்!" என்றார் இவர், பெருமையாக. "நான் ஒருத்தன் சொன்னா பத்தாதுன்னு தேக்கா பூராவும் சொல்லிவிட்டேன். கடையில சொன்னேன், பசார்ல சொன்னேன். தஞ்சோங் பகார்ல எங்க அக்காவுக்கும் ஆள் அனுப்பினேன். விடியறதுலேருந்து பொழுது சாயுற வரைக்கும் ஆளுங்க வந்து ஆறுதல் சொன்னாங்க சார். ஒரு நிமிஷம் தனியா விடல."

டிரெசர் பிரித்த கட்டுத் துணியைத் தட்டில் போட்டார். பிறகுதான் விஷயம் புரிந்தது, அவருக்கும், பெஞ்சில் இருந்த எனக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஆறுதல் என்றால் ஓய்வு. அலட்டிக்கொள்ளாமல் சும்மா இருப்பது. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஆறுதல் என்றால் சாவு வீட்டில் சொல்வது. அவர் பேசாமல் கிடக்கச் சொல்லியிருக்கிறார். இவர் ஊரைக் கூட்டியிருக்கிறார்.

"கடவுளே!" என்றார் டிரெசர். "சும்மா இருக்கோணும், சும்மா! ஒருத்தரும் வரப்படாது. இன்னொருக்கா நனைஞ்சால், டாக்டர் வெட்டித்தான் விடுவார். பிறகு என்னட்டை வந்து அழப்படாது."

ரிக்‌ஷாவில் திரும்பும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. புரியாவிட்டால் கேட்கிறதற்கு என்ன கேடு, தலையாட்டுவதற்கு மட்டும் தெரிகிறதா, உங்கள் ஆறுதலில் என் விரல் போகப் போகிறது என்று வழிநெடுகத் திட்டினேன். அவர் என்னை வீட்டில் இறக்கிவிட்டு எங்கோ போனார். திரும்பி வரும்போது கோயில் மரத்திலிருந்து ஒடித்த வேப்பிலைக் கொத்து ஒன்று கையில் இருந்தது. வேப்பிலைத் தண்ணீரில் கழுவினால் புண் ஆறும் என்று வழியில் எவனோ சொன்னானாம்.

"நனைக்கக் கூடாதுன்னு இப்பதானே கேட்டுட்டு வந்தோம்!" என்று கத்தினேன். பாவம், அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் கொத்தைக் கீழே வைத்தால் சந்தில் திரிகிற ஆடு தின்றுவிடும் என்று வாசல் நிலையில் மேலே சொருகிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அஞ்சடியில் பேச்சுக்குரல் கேட்டது. விசாரிக்க வருகிற கும்பல். போச்சு, மறுபடி கோப்பியா என்று நான் எழுந்து உட்கார்ந்தேன். வாசல்வரை வந்த குரல் சட்டென்று நின்றது. கதவிடுக்கில் பார்த்தேன். வந்தவர்கள் நிலையைப் பார்த்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "தாயே, மகமாயி" என்று முணுமுணுத்துவிட்டு வந்த வழியே திரும்பினார்கள். கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை மட்டும் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

வாசலில் வேப்பிலை கட்டினால் வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியாள் உள்ளே வர மாட்டார்கள். எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. எழுந்து போய் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பாயில் மல்லாந்து படுத்தேன். என்ன நிம்மதி! சந்தில் வண்டி மாட்டின் மணி கேட்டது. அது போனதும் வேறு சத்தம் இல்லை. பகலில் நான் தூங்கியது அன்றுதான்.

மாலையில் வந்த என் வீட்டுக்காரர் நடுங்கிவிட்டார். "அம்மா பேர்ல விளையாடாத புள்ள. முனிசிபால் ஆளுங்க காதுல விழுந்தா தூக்கிட்டுப் போயி அம்மை ஆஸ்பத்திரியில போட்டுடுவாங்க."

"நானா சொருகினேன்? நீங்கதானே சொருகினீங்க? நான் யாருகிட்டயும் எனக்கு அம்மைன்னு சொல்லல."

"எடுத்துடறேன்."

"எடுங்க பாப்போம். விரலைக் கணுவோட எடுத்தப்புறம் காலத்துக்கும் நீங்கதான் எனக்கு ஊட்டிவிடணும். சம்மதமா?"

கையை இறக்கிக்கொண்டார். முனிசிபால் விஷயத்தில் எனக்கும் உள்ளூர பயம்தான். ஆனால் எங்கள் ஜனங்கள் அம்மை வந்த வீட்டைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். யாரும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வாசற்படியில் இளநீர் வந்தது, வாழைப்பழம் வந்தது. யார் வைத்தார்கள் என்றே தெரியாது. என் விரலுக்குக் கிடைக்காத மரியாதை வேப்பிலைக்குக் கிடைத்தது.

ஆனால் எனக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். அம்மை வந்த வீட்டு ஆள் கடைக்கு வரக் கூடாது என்று முதலாளி இவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். ஊரெல்லாம் ஒழிந்தது, இவர் ஒழியவில்லை. நாள் முழுவதும் வீட்டில். "உப்பு எங்க இருக்கு?" மறுபடி ஆரம்பம். அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது, வாசனை தெருவுக்குப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். "ரசத்துக்காவது ஒரு கடுகு போட்டுக்கலாமில்ல?" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்பார். ஊரார் ஏசுவார்கள் என்று முகச்சவரமும் செய்யவில்லை. அடுப்புப் புகையில் கண் சிவந்து, தாடியோடு அவர் என் முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் நோயாளி நானா அவரா என்று சந்தேகம் வரும். கடைசியில் பானையை இறக்க மறுபடி நானே எழுந்தேன். கோடு இன்னும் மணிக்கட்டில் அப்படியே இருந்தது. என் விரல் இந்த வீட்டில் பிழைக்காது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அன்று மத்தியானம் கதவு திறந்தது. தட்டவில்லை, கூப்பிடவில்லை. வேப்பிலைக்குக் கீழே குனிந்து ஒருத்தி உள்ளே வந்தாள். கையில் துணி மூட்டை. என் நாத்தனார். தனியாக வந்திருந்தாள்.

"அண்ணி, உள்ள வராதீங்க!" என்றேன், பதறிப்போய்.

"எனக்கு ஒரு தரம் வந்துட்டுப் போயிட்டா. மறுபடி தொட மாட்டா" என்றாள். அவள் முகம் முழுவதும் அம்மைத் தழும்பு. கல்யாணமாகிக் கப்பலேறி இந்த ஊருக்கு வந்த பிறகு போட்டதாம். "சேதி கேட்டதும் புள்ளைங்களப் பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்தேன். வேற எவ உள்ள வருவா? கொப்புளம் எங்க போட்டிருக்கு, காட்டு."

தூளியிலிருந்து கையை எடுத்துக் கட்டைவிரலைக் காட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், ரவிக்கையை விலக்கி முதுகைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர், "நான் சும்மா சொருகினேன்க்கா, ஆட்டுக்குப் பயந்து" என்று இழுத்தார்.

"அடி சண்டாளி" என்றாள் நாத்தனார், மெதுவாக. கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, அறியாப் புள்ளைங்க" என்றாள். விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். பிய்த்தெறியப் போகிறாள், பிறகு சந்து கூடும், நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். அவள் கொத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"தம்பி, போயி புது வேப்பிலை ஒடிச்சிட்டு வா. இது வாடிப்போச்சு. வாடினதப் பாத்தா, அம்மை எறங்கி தலைக்குத் தண்ணி ஊத்திட்டாங்கன்னு நெனச்சு எல்லாரும் வந்துருவாங்க."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். உப்பு எங்கே என்று கேட்கவில்லை. தம்பியைக் கொல்லைப்புறத்துக் குழாயடிக்கு அனுப்பிப் பாத்திரம் தேய்க்க வைத்தாள். எனக்குத் தலை வாரினாள், சோறு ஊட்டினாள். நான் எழுந்தால், "படுடி" என்று ஒரே அதட்டல். பொழுது முழுவதும் குறை சொன்னாள். அம்மியைப் பார், அடுப்பைப் பார், குடும்பம் நடத்துகிற லட்சணத்தைப் பார் என்று. காது புளித்துப்போனது. ஆனால் கோடு இறங்கியது. வீக்கம் வடிந்தது. டிரெசர் கட்டைப் பிரித்துவிட்டு, விரலை மடக்கச் சொன்னார். மடங்கியது. இனிக் கட்டு வேண்டாம் என்றார்.

அவள் தன் வீட்டுக்குக் கிளம்பும் அன்று மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ குறை சொன்னவள் வேப்பிலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லையே என்று எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. கேட்டே விட்டேன்.

"ஏன் அண்ணி, அன்னிக்கு என்னை ஏன் திட்டல?"

அவள் முடிச்சை இறுக்கினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்கு அம்மை போட்டப்ப உடம்பெல்லாம் நெருப்பா எரிஞ்சுச்சு. கண்ணு போயிடும்னாங்க. ஆனா சோறு ஆக்குன்னு ஒரு ஆளு சொல்லல. கோப்பி கொண்டான்னு எவனும் கூப்பிடல. வாக்கப்பட்டதுலேருந்து நான் படுத்தது அந்த ஒரு தடவைதான்டி. எனக்கு அதுக்கு அம்மாளே வர வேண்டியிருந்துச்சு. உனக்கு விரலோட போச்சு."